அரசு நடத்திய கண்காட்சி ஜப்பானிய ஓவியத்தை வளர்த்ததா, கெடுத்ததா?

கரிக்கோல்

பிரான்ஸில் அரசு ஆதரவில், நடுவர்கள் தேர்ந்தெடுத்த படங்களை மாட்டி நடந்த கண்காட்சி பாரிஸ் சலோன். அதைப் பற்றிய இழையில் ஒருவர் போகிற போக்கில், "ஜப்பான் அதே முறையை எடுத்துக்கொண்டு நன்றாக நடத்திக் காட்டியது" என்று எழுதியிருந்தார். அங்கே பதில் சொன்னால் பேச்சு திசை மாறிவிடும். அதனால் இந்தத் தனி இழை.

நன்றாக நடத்தியதா? 1907 அக்டோபரில் டோக்கியோவின் உவேனோ பூங்காவில் ஜப்பானியக் கல்வி அமைச்சகம் தன் முதல் கலைக் கண்காட்சியைத் திறந்தது. சுருக்கப் பெயர் புன்டென். ஜப்பானிய பாணி ஓவியம், மேற்கத்திய பாணி ஓவியம், சிற்பம் என்று மூன்று பிரிவுகள். நடுவர்களை அமைச்சகமே நியமிக்கும். அவர்கள் தலையசைத்தால் படம் சுவரில் ஏறும், இல்லையென்றால் வண்டியேறி வீட்டுக்குத் திரும்பும். 1919இல் இதன் பெயர் தெய்டென் ஆனது. 1937இலிருந்து மறுபடி புன்டென், 1946இலிருந்து நிட்டென்.

என் கட்சி இது: அந்த நாட்டின் நல்ல ஓவியர்கள் பலர் உருப்பட்டது அதைவிட்டு வெளியே வந்த பிறகுதான். 1914ஐ மட்டும் பாருங்கள். மேற்கத்திய பாணிக்காரர்கள் வெளியேறி நிகா சங்கத்தைத் தொடங்கினார்கள். ஜப்பானிய பாணியில் யோகோயாமா தாய்கானை நடுவர் குழுவில் சேர்க்காமல் விட, அவர் போய் முடங்கிக் கிடந்த நிஹோன் பிஜுட்சுயின் என்ற தனியார் கலைக்கழகத்துக்கு உயிர் கொடுத்தார். ஒரே வருடத்தில் இரண்டு வெளிநடப்பு.

அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1912இல், எழுத்தாளர் நாட்சுமே சொசெகி இந்தக் கண்காட்சியைப் போய்ப் பார்த்துவிட்டு அசாஹி நாளிதழில் தொடராக எழுதினார். கலை ஒருவன் தன்னை வெளிப்படுத்துவதில் தொடங்கி அதிலேயே முடிகிறது, நடுவரின் முகத்தைப் பார்த்து வரைகிறவனுக்கு அது கைகூடாது என்ற தொனியில். முந்தைய வருடம்தான் இதே கல்வி அமைச்சகம் கொடுத்த முனைவர் பட்டத்தை வேண்டாம் என்று சொன்னவர் அவர். மனுஷன் சொல்லுக்கும் செயலுக்கும் இடைவெளி வைக்கவில்லை.

மறுப்பவர்கள் வரலாம்.

தூரிகைக்காரி

வந்துவிட்டேன்.

கரிக்கோல், நீங்கள் கதையை 1914இல் தொடங்குகிறீர்கள். நான் 1906இல் தொடங்குகிறேன். கலை அறிஞர் ஒகாகுரா தென்ஷின் தன் கலைக்கழகமான அதே பிஜுட்சுயினின் ஓவியப் பிரிவை டோக்கியோவிலிருந்து பெயர்த்து இபராகி கடற்கரையில் இசுரா என்ற மீனவக் கிராமத்துக்குக் கொண்டுபோனார். கூடப் போனவர்கள் தாய்கான், ஷிமோமுரா கன்சான், ஹிஷிதா ஷுன்சோ, கிமுரா புசான். அப்போது அவர்கள் படங்களை வாங்க ஆள் இல்லை. கோடு போடாமல் வண்ணத்தைப் படரவிட்டு வரைந்த அவர்கள் பாணிக்கு "மங்கல் பாணி" என்று பத்திரிகைகள் கேலிப்பெயரே வைத்திருந்தன. ஊர்க்காரர்களுக்கும் புரியாது, டோக்கியோ வியாபாரிகளுக்கும் வேண்டாம்.

மறுவருடம் புன்டென் வந்தது. முதல் கண்காட்சியிலேயே கன்சானின் இலையுதிர்காலக் காடும் ஷுன்சோவின் போதிசத்துவரும் சுவரில் இருந்தன. 1909இல் மூன்றாவது கண்காட்சியில் ஷுன்சோ "உதிர்ந்த இலைகள்" வைத்தார். ஆறு மடிப்பு கொண்ட இரண்டு திரைகள். தரை என்று ஒரு கோடு கூட இல்லை. மரங்களின் அடிப்பகுதியும் இலைகளும் மட்டும். ஆனால் பார்க்கிறவருக்குத் தரை தெரியும், காற்றின் ஈரம் தெரியும். அந்த வருடம் கொடுத்ததிலேயே உயர்ந்த பரிசு அதற்குத்தான். அடுத்த வருடம் "கருப்புப் பூனை". அதற்கடுத்த வருடம், 1911இல், 36 வயதில் சிறுநீரக நோயில் போய்விட்டார். கண்ணும் கெட்டுப்போயிருந்தது.

இந்த இரண்டு படங்களும் ஊர் கண்ணில் பட்டது எங்கே? நீங்கள் திட்டுகிற அந்தச் சுவரில். மங்கல் பாணி என்று சிரித்த ஊர், அரசாங்கம் மாட்டி வைத்ததும் வரிசையில் நின்று பார்த்தது. கசப்பாக இருந்தாலும் நடந்தது அதுதான்.

சும்மா_வந்தவன்

அக்கா, அண்ணே, ஒரு சந்தேகம். வேறு ஒரு தளத்தில் "யோகா பிரிவு நடுவர்கள்" என்று படித்துவிட்டு, கண்காட்சியில் ஆசனப் போட்டியும் வைத்தார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். அது என்ன?

தூரிகைக்காரி

:) முதல் எழுத்தை இன்னும் இழுத்துச் சொல்ல வேண்டும், யோஓகா. மேற்கத்திய பாணி ஓவியம் என்று பொருள். எண்ணெய் வண்ணம், கேன்வாஸ். எதிர்ப்பக்கம் இருப்பது நிஹொங்கா. கனிமப் பொடியைப் பசையில் குழைத்துப் பட்டிலோ தாளிலோ வரைவது. நிஹொங்கா என்ற சொல்லே மேற்கத்திய ஓவியம் வந்த பிறகுதான் தேவைப்பட்டது. அதற்கு முன் ஓவியம் என்றால் ஓவியம், அவ்வளவுதான்.

பழையபேப்பர்

நல்ல இழை. இருவருமே 1907ஐத் தொடக்கமாக வைத்துப் பேசுகிறீர்கள். அரசாங்கக் கை அதற்கு 30 வருடம் முன்பே உள்ளே வந்துவிட்டது.

1877இல் இதே உவேனோவில் முதல் உள்நாட்டுத் தொழிற்காட்சி நடந்தது. தெற்கே சட்சுமா கலகம் நடந்துகொண்டிருந்த சமயம். அப்படியும் நாலரை லட்சம் பேர் வந்தார்கள். பட்டு நூற்கும் இயந்திரம், பீங்கான், விவசாயக் கருவி இவற்றுக்கு நடுவே "பிஜுட்சுகான்" என்று ஒரு செங்கல் கட்டடம். கலைக்கூடம். கலை என்பதற்கு ஜப்பானியர் இன்று சொல்லும் "பிஜுட்சு" என்ற சொல்லே 1873 வியன்னா உலகக் கண்காட்சிக்கான அறிவிப்பை மொழிபெயர்க்கப் போய்ப் பிறந்தது. அதாவது சொல்லும் அரசாங்கம் கொடுத்தது, கட்டடமும் அரசாங்கம் கொடுத்தது.

இன்னொரு சுவையான செய்தி. 1877 காட்சியை முன்னின்று நடத்திய உள்துறைத் தலைவர் ஓகுபோ தொஷிமிச்சி. 1907 புன்டென்னைத் தொடங்கிய கல்வி அமைச்சர் மகினோ நொபுவாகி. பெயர் வேறாக இருப்பதால் தெரியாது. மகினோ ஓகுபோவின் மகன், வேறு குடும்பத்துக்குத் தத்துப் போனவர். தூதராக இத்தாலியிலும் ஆஸ்திரியாவிலும் இருந்தபோது அங்கே அரசுகள் கலைக்குச் செய்வதைப் பார்த்தவர். அப்பா பட்டோடும் பீங்கானோடும் சேர்த்து வைத்த கலையை, மகன் தனியே பிரித்துக் கல்வி அமைச்சகத்தின் கீழ் கொண்டுவந்தார்.

1882லும் 1884லும் விவசாய வணிக அமைச்சகம் ஓவியப் போட்டிக் காட்சி நடத்தியது. 1882இல் மேற்கத்திய பாணி ஓவியத்துக்கு வாசலிலேயே தடை. பழைய ஜப்பானியக் கலையைத் தூக்கி நிறுத்த வேண்டும் என்ற காற்று அப்போது. அடுத்த வருடமே மேற்கத்திய பாணி கற்பித்த அரசுப் பள்ளியையும் மூடினார்கள். 1895இல் காற்று மாறியது. கியோட்டோ தொழிற்காட்சியில் குரோதா செய்கி பிரான்ஸில் வரைந்து கொண்டுவந்த நிர்வாணப் பெண்ணின் படம். கண்ணாடி முன் நின்று தலை வாருகிறாள். ஊரே கொதித்தது, பத்திரிகைகள் எடு எடு என்றன. நடுவர் தலைவர் குகி ரியூயிச்சி எடுக்க மறுத்தார், படம் கடைசிவரை இருந்தது. பின்னர் போரில் எரிந்துபோனது.

ஆக, அரசு ஒரே பக்கம் நின்றதில்லை. 1882இல் கதவை மூடியதும் அதுதான், 1895இல் கூட்டத்தை எதிர்த்து நின்றதும் அதுதான்.

கரிக்கோல்

பழையபேப்பர் ஐயா, செய்திகளுக்கு நன்றி. ஆனால் நீங்கள் சொன்னது என் வாதத்துக்குத்தான் பலம். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் கதவுச் சாவி யார் இடுப்பில் இருந்தது? அதுதான் என் கேள்வி.

தூரிகைக்காரி, ஷுன்சோ பரிசு வாங்கியதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சுவரில் இடம் எப்படிக் கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1907இல் நடுவர் பட்டியல் வெளிவந்ததும், அதில் ஒகாகுரா தரப்பின் புதிய பாணிக்காரர்களுக்கு இடம் அதிகம் என்று பழைய பாணிக்காரர்கள் கொதித்து, தனிச் சங்கம் கட்டிக்கொண்டு ஒதுங்கினார்கள். மறுவருடம் அவர்களைச் சமாதானப்படுத்த நடுவர் பட்டியலில் ஆள் சேர்த்தார்கள். உடனே ஒகாகுரா தரப்பு இரண்டாவது புன்டென்னுக்குப் படமே அனுப்பவில்லை. எந்தப் படம் நல்ல படம் என்ற பேச்சே இல்லை. நடுவர் நாற்காலியில் யார் என்பதுதான் பேச்சு.

1912இல் உச்சம். நிஹொங்கா பிரிவைப் பழையவர்களுக்கு ஒன்று, புதியவர்களுக்கு ஒன்று என்று இரண்டாகப் பிரித்தார்கள். அண்ணன் தம்பி சொத்துத் தகராறில் நடு முற்றத்தில் சுவர் எழுப்புவது போல. அதைப் பார்த்து மேற்கத்திய பாணிக்காரர்களில் இளையவர்கள், எங்களுக்கும் அப்படிப் பிரித்துக் கொடுங்கள் என்று கேட்டார்கள். முடியாது என்றது அமைச்சகம். அதிலிருந்துதான் நிகா. இஷீ ஹகுதே, அரிஷிமா இகுமா, சொசெகியின் ஓவிய நண்பர் சுதா செய்ஃபூ எல்லோரும் அங்கே. புன்டென்னுக்கு அனுப்புகிறவர் எங்களுக்கு அனுப்பக் கூடாது என்று விதியே போட்டார்கள்.

கலை வரலாற்றில் எத்தனை பக்கம் நாற்காலிச் சண்டைக்குப் போயிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

நாகோயாவாசி

எட்டு வருடமாக நாகோயாவில் இருக்கிறேன். ஓவியம் தெரியாது, மனைவிக்குப் பிடிக்கும் என்பதால் நிட்டென் பார்க்கப் போயிருக்கிறேன். டோக்கியோவில் முடிந்ததும் ஊர் ஊராக வரும், இங்கும் வரும்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். கூட்டத்தில் பாதிக்கு மேல் வயதானவர்கள். தூரிகை எழுத்துப் பகுதியில்தான் நெரிசல். சுவர் முழுக்க எழுத்து. ஒரு பாட்டி தன் ஆசிரியையின் எழுத்துக்கு முன்னால் தலைகுனிந்து வணங்கிவிட்டு நகர்ந்தார். ஓவியப் பகுதியில் எல்லாப் படமும் பெரிய படம், ஆள் உயரம். எங்கள் வீட்டு வரவேற்பறையில் ஒன்றைக் கூட மாட்ட முடியாது. எனக்குத் தோன்றியது இதுதான்: இது வீட்டுக்காக வரைந்த படம் இல்லை, இந்தக் கூடத்துக்காகவே வரைந்த படம்.

பழையபேப்பர்

நாகோயாவாசி, உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. அதற்கு அங்கே ஒரு பெயரே உண்டு, "கய்ஜோ கெய்ஜுட்சு", காட்சிக்கூடக் கலை. நூறு படத்துக்கு நடுவே தன் படம் தெரிய வேண்டும் என்பதால் அளவு பெரிதாகும், வண்ணம் கூடும். வசையாகப் புழங்கிய சொல் அது. 1929இல் தனிக் குழு தொடங்கிய கவபதா ரியூஷி அதையே கொள்கையாக எடுத்து, ஆமாம் நான் கூடத்துக்குத்தான் வரைகிறேன், தேநீர் அறை மாடத்துக்கு இல்லை என்றார்.

கரிக்கோல்

நாகோயாவாசி அந்த எழுத்துப் பகுதியைச் சொன்னதும் ஞாபகம் வந்தது. 2013இல் அசாஹி நாளிதழ் வெளியிட்ட செய்தி. நிட்டென்னின் எழுத்துப் பிரிவில் முத்திரை செதுக்கல் என்று ஓர் உட்பிரிவு. 2009இல் அதில் எந்தக் குழுவுக்கு எத்தனை பேர் தேர்வு என்று முன்கூட்டியே பங்கு பிரித்திருக்கிறார்கள். கல்லில் செதுக்கியதை யாரும் பார்க்கும் முன்பே முடிவு தயார். விசாரணை வைத்து, அடுத்த வருடம் "சீரமைத்த புதிய முதல் நிட்டென்" என்று எண்ணிக்கையை ஒன்றிலிருந்து தொடங்கினார்கள்.

1907இல் விதைத்தது 2013இல் காய்த்தது என்பேன்.

தூரிகைக்காரி

அவசரப்படாதீர்கள். 1958இலிருந்தே நிட்டென் அரசாங்கத்தின் கையில் இல்லை. தனி அமைப்பு அது. அரசு விலகி அரை நூற்றாண்டு கழித்து நடந்த பங்கு பிரிப்புக்கு அரசு எப்படிப் பொறுப்பு? அரசு இல்லாமலும் இது நடக்கும் என்பதைத்தான் நீங்கள் நிரூபித்திருக்கிறீர்கள்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். வெளியேறினார்கள், வெளியேறினார்கள் என்கிறீர்களே, வெளியே போய் என்ன செய்தார்கள்? நிகாவில் நடுவர் குழு உண்டு. தாய்கான் மீட்டெடுத்த பிஜுட்சுயினிலும் தேர்வு உண்டு, படிநிலை உண்டு. வருடம் ஒருமுறை, பெரும்பாலும் அதே உவேனோவில், அதே இலையுதிர்காலத்தில். 1926இல் கியூஷூவின் நிலக்கரி வியாபாரி சதோ கெய்தாரோ பத்து லட்சம் யென் கொடுத்து உவேனோவில் நகரக் கலைக்கூடம் எழுந்ததே, அதற்குள் அரசுக் கண்காட்சியும் அதை எதிர்த்த சங்கங்களும் மாறி மாறி வாடகைக்கு இருந்தார்கள். வெளியே இருப்பவர்களுக்கு அங்கே "சாய்யா" என்று பெயர். நேர்ப்பொருள் வயல்வெளியில் இருப்பவர். வயல்வெளிக்காரர்களும் தங்கள் வயலுக்கு வேலி போட்டுக்கொண்டார்கள்.

மாமியாரோடு சண்டை போட்டுத் தனிக்குடித்தனம் போனவர்கள், புது வீட்டில் அதே சமையல், அதே அதட்டல்.

சும்மா_வந்தவன்

அக்கா கடைசி வரிக்கு ஒரு கைதட்டல்.

கரிக்கோல்

கைதட்டு வாங்கினாலும் பாதிதான் உண்மை. பிஜுட்சுயினின் முதல் மீட்புக் காட்சி 1914இல் நடந்தது உவேனோவில் இல்லை, நிஹோன்பாஷி மிட்சுகோஷி துணிக்கடையில். அரசின் சுவர் இல்லாமலும் படம் மாட்ட முடியும் என்று அன்றே தெரிந்துவிட்டது. 1918இல் கியோட்டோவில் ட்சுச்சிதா பகுசேன், முரகாமி ககாகு, ஓனோ சிக்கியோ முதலியோர் தனிச் சங்கம் தொடங்கினார்கள். புன்டென் நடுவர்கள் தங்களைப் புரிந்துகொள்ளவில்லை என்பதுதான் காரணம். ககாகுவின் "கியோஹிமே" போல ஒரு படம் நடுவர் மேசையைத் தாண்டியிருக்குமா?

தூரிகைக்காரி

தாண்டியிருக்குமா என்று நீங்களும் நானும் ஊகிக்கத்தான் முடியும். நடந்ததைச் சொல்கிறேன். அதே பகுசேனின் "தீவுப் பெண்கள்" 1912 புன்டென்னில் இருந்தது. பிரெஞ்சு ஓவியர் கோகேனைப் பார்த்த கண்ணோடு வரைந்த நிஹொங்கா, அரசுச் சுவரில்.

சிற்பத்தையும் மறக்காதீர்கள். ஒகிவாரா ரொகுசான் பாரிஸில் சிற்பி ரோதானைப் பார்த்துவிட்டு 1908இல் திரும்பினார். அதே வருட புன்டென்னில் "மோன்ககு" மூன்றாம் பரிசு. 1910 ஏப்ரலில் 30 வயதில் இறந்தார். அவர் கடைசியாக முடித்த "பெண்", கைகளைப் பின்னால் கோத்து மண்டியிட்டு மேலே எழ முயலும் உருவம். இறந்த பிறகு அந்த வருடக் காட்சியில் வைத்தார்கள், அமைச்சகமே வாங்கியது. அந்த வெண்சாந்து உருவம் இன்று முக்கியப் பண்பாட்டுச் சொத்து.

அப்புறம் பெண்கள். உவேமுரா ஷோவேன் முதல் புன்டென்னிலேயே பரிசு வாங்கியவர். ஒசாகாவின் ஷிமா செய்யேன் 1912இல் தேர்வானபோது வயது 20. குருகுலத்தில் ஆண் சீடர்களுக்கு நடுவே அவர்களுக்கு எது கிடைத்திருக்கும்? திறந்த அழைப்பு என்பதற்கு இந்த அர்த்தம் உண்டு.

கரிக்கோல்

அந்தத் திறந்த அழைப்பின் மறுபக்கம் 1915. அழகிய பெண்களின் படங்களை எல்லாம் ஒரே அறையில் சேர்த்து மாட்டினார்கள். "அழகியர் அறை" என்று ஊரே பேசியது, விமர்சகர்கள் கேலி செய்தார்கள். எது தேர்வாகும் என்று ஓவியர்கள் தெரிந்துகொண்டால் எல்லோரும் அதையே வரைவார்கள். அந்த அறைதான் அதற்குச் சாட்சி.

பழையபேப்பர்

நீங்கள் இருவரும் டோக்கியோவுக்கும் கியோட்டோவுக்கும் நடுவிலேயே நடக்கிறீர்கள். எனக்கு இந்தக் கதையில் கனமான பகுதி கடலுக்கு அப்பால்தான்.

கொரியாவும் தைவானும் அப்போது ஜப்பானின் ஆட்சியில் இருந்தன. 1919 மார்ச்சில் கொரியாவில் விடுதலைக் கிளர்ச்சி. துப்பாக்கியால் அடக்கிய பிறகு ஜப்பானிய ஆளுநர் அலுவலகம் "பண்பாட்டு ஆட்சி" என்று பாணியை மாற்றியது. அதன் ஒரு கிளையாக 1922இல் ஜோசன் (கொரியா) கலைக் கண்காட்சி, 1944 வரை நடந்தது. தைவானில் 1927இல் தொடங்கியது. இரண்டுக்கும் அச்சு டோக்கியோவின் தெய்டென். ஒரு சின்ன மாற்றம் மட்டும்: அங்கே நிஹொங்கா என்று சொல்லாமல் "தோயோகா", கீழைநாட்டு ஓவியம் என்றார்கள். ஜப்பானிய ஓவியம் என்று சொன்னால் கொரியரும் தைவானியரும் அதற்குள் எப்படி வருவார்கள்?

தைவானின் முதல் கண்காட்சியில் அந்தப் பிரிவில் தேர்வான தைவானியர் மூன்றே பேர். சென் ஜின், லின் யூஷான், குவோ சுவேஹூ. மூவருக்கும் இருபதை ஒட்டிய வயது. ஊரில் பேர்பெற்ற மூத்த ஓவியர்கள் ஒருவர்கூடத் தேர்வாகவில்லை. சீன மரபில் பழைய படங்களைப் பார்த்து வரைந்து பழகியவர்கள் அவர்கள். கண்ணால் கண்டதை வரைந்த இளைஞர்கள் உள்ளே, முன்னோர் வரைந்ததை வரைந்த பெரியவர்கள் வெளியே. ஒரே நாளில் ஒரு தலைமுறையின் மதிப்பு கவிழ்ந்தது. நடுவர்கள் ஜப்பானியர்.

கொரியக் கண்காட்சியில் தொடக்கத்தில் தூரிகை எழுத்துக்கு இடம் இருந்தது. 1932இல் அதை எடுத்துவிட்டுக் கைவினைப் பிரிவைச் சேர்த்தார்கள். கொரியப் படித்தவர்களின் உயிர்க்கலை எது என்பதை ஆளுநர் அலுவலகம் முடிவு செய்தது. "உள்ளூர் மணம்" வேண்டும் என்று நடுவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். குடம் சுமக்கும் பெண், மண் சுவர், தைவான் என்றால் பாக்கு மரம். ஆளப்படுகிறவன் தன் ஊரை ஆளுகிறவன் கண்ணால் பார்த்து வரைய வேண்டும்.

தூரிகைக்காரி, திறந்த அழைப்பு என்றீர்கள். இதற்கு என்ன சொல்வீர்கள்?

தூரிகைக்காரி

இதற்குச் சட்டென்று பதில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஒரு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

(மறுநாள்) சரி. நீங்கள் சொன்ன சென் ஜின்னையே எடுக்கிறேன். பெண். தைவானியர். 1934இல் டோக்கியோ தெய்டென்னில் அவருடைய "கூட்டிசை" தேர்வானது. சீன உடையில் இரண்டு பெண்கள் இசைக்கிறார்கள். எண்ணெய் ஓவியத்தில் சென் செங்போ 1926லேயே தெய்டென் ஏறியவர், தன் சொந்த ஊரான ஜியாயியின் தெருவை வரைந்து. அந்த ஊர்த் தெரு ஆதிக்க நாட்டின் தலைநகரில் தொங்கியது சின்ன விஷயமா? கொரியாவில் பாக் சூகுன், வறுமையில் பள்ளிப் படிப்பைத் தாண்ட முடியாதவர், தானாகவே வரையக் கற்றவர். 1932இல் ஜோசன் கண்காட்சி அவர் படத்தை ஏற்றது. இல்லையென்றால் அவர் யாரிடம் போய் நின்றிருப்பார்?

ஆளுநர் அலுவலகத்தின் நோக்கத்தை நான் நியாயப்படுத்தவில்லை. அவர்கள் ஒன்றுக்காகக் கட்டிய கதவு, வேறு ஒன்றுக்கும் திறந்தது என்கிறேன்.

பழையபேப்பர்

திறந்தது உண்மை. திறந்த கதவின் அளவுக்குக் குனிந்து போக வேண்டியிருந்தது என்பதும் உண்மை. கிம் குவான்ஹோவின் கதை தெரிந்திருக்கும். டோக்கியோ கலைப்பள்ளியில் படித்த கொரியர். 1916 புன்டென்னில் அவருடைய "அந்திப்பொழுது" சிறப்புத் தேர்வு. ஆற்றங்கரையில் குளிக்கும் இரண்டு பெண்கள். சோல் நாளிதழ் பெருமையோடு செய்தி போட்டது, படத்தைப் போடவில்லை. நிர்வாணம் என்பதால் அச்சிட முடியாது என்று ஒரு வரி. ஊருக்குப் பெருமை, ஆனால் ஊர் பார்க்கக் கூடாது.

பாக் சூகுன் கதைக்கும் ஒரு வால் உண்டு. விடுதலைக்குப் பிறகு தென்கொரியா 1949இல் தானே அரசுக் கண்காட்சி தொடங்கியது. அதே அச்சு, நடுவர்கள் மட்டும் கொரியர். 1957இல் அது அவர் படத்தைத் தள்ளியது. அவர் உடைந்துபோனார். ஆள வந்தவன் போனாலும் அவன் கட்டிய சுவர் 1981 வரை நின்றது. சென் செங்போவை 1947இல் ஜியாயி ரயில் நிலையத்தின் முன் சுட்டுக் கொன்றது ஜப்பானியர் இல்லை, அடுத்து வந்த அரசின் ராணுவம். அதற்கும் கண்காட்சிக்கும் தொடர்பில்லை. அவர் பெயரை எழுதும்போது அதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

நாகோயாவாசி

போர்க்காலத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே? டோக்கியோ தேசிய நவீனக் கலைக்கூடத்தில் ஓவியர் ஃபுஜிதாவின் அட்டு தீவுப் போர்ப் படத்தைப் பார்த்திருக்கிறேன். பழுப்பு நிறத்தில் உடல்கள் உடல்களாக. அது இந்த அரசுக் கண்காட்சிகளுக்கு வரைந்ததா?

கரிக்கோல்

அட்டு 1943. அது புன்டென் இல்லை, போர் ஆதரவுக்கென்று தனியாக நடந்த கண்காட்சி. போர் ஓவியக் காட்சிகளுக்குப் பின்னால் ராணுவமும் நாளிதழ்களும் இருந்தன. ஜப்பான் தோற்ற பிறகு அமெரிக்கர்கள் எடுத்துப்போய், 1970இல் காலவரையற்ற கடன் என்று 153 போர் ஓவியங்களைத் திருப்பித் தந்தார்கள். நீங்கள் பார்த்தது அதில் ஒன்று.

ஆனால் பழக்கம் எங்கிருந்து வந்தது? தேர்வுக்குக் காத்திருந்து பழகியவர்களுக்கு, மேலிருந்து பொருள் கொடுத்து வரையச் சொன்னால் விசித்திரமாகத் தோன்றாது. 1941இல் மாட்சுமோதோ ஷுன்சுகே என்ற இளம் ஓவியர், ராணுவ அதிகாரிகள் ஒரு கலை இதழில் போட்ட உத்தரவுத் தொனியை மறுத்து அதே இதழில் எழுதினார். அப்படி எழுதியவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

தூரிகைக்காரி

இதில் நான் உடன்பட மாட்டேன். ஃபுஜிதா எந்த அரசுக் கண்காட்சியில் வளர்ந்தவர்? இளமையில் புன்டென் அவரைத் தள்ளியது, பாரிஸ் போய்ப் பேர் வாங்கித் திரும்பி நிகாவில் சேர்ந்தார். உங்கள் வயல்வெளிக்காரர்தான். போர் ஓவியத்தில் அவரைவிட முன்னால் நின்றவர் யார்?

உங்கள் நிகாவுக்கு 1935இல் நடந்ததையும் சொல்லுங்கள். கல்வி அமைச்சர் மட்சுதா கென்ஜி, தெய்டென்னை நடத்திய அரசுக் கலைக்கழகத்தைக் கலைத்துப் போட்டு, வெளியே இருந்த பெரியவர்களை எல்லாம் உறுப்பினராகக் கூப்பிட்டார். 1914இல் வெளியேறிய இஷீயும் அரிஷிமாவும் போய் உட்கார்ந்தார்கள். தாய்கானும். 21 வருடக் கோபம் ஒரு நியமன ஆணையில் தீர்ந்தது.

கரிக்கோல்

அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன், வெட்கக்கேடுதான். ஆனால் அந்தச் சீரமைப்பில் உள்ளே இருந்தவர்கள் ஏன் கத்தினார்கள் தெரியுமா? "முகன்சா" என்ற சலுகை போனது. சில தடவை சிறப்புத் தேர்வானவர்கள் அதன்பின் நடுவர் பார்க்காமலேயே படம் மாட்டலாம். நம் ஊர்க் கோயிலில் சிறப்பு தரிசனம் மாதிரி. அதை எடுத்ததும் நாடே பற்றி எரிந்தது போல ஆர்ப்பாட்டம். கலைக்காக ஒருவரும் கத்தவில்லை, வரிசையில் நிற்க வேண்டுமே என்று கத்தினார்கள்.

அடுத்த வருடம் அமைச்சர் இறந்துவிட்டார், வந்த அமைச்சர் மறுபடி மாற்றினார், 1937இல் மறுபடி. விதிகள் மாறிக்கொண்டே இருந்தன. அந்த 1936 குழப்பத்தின் நடுவே ஷோவேன் "தொடக்க நடனம்" வைத்தார். இடது கையை மடித்து, வலது கையில் விசிறியை நீட்டிய பெண். அதைப் பற்றி மட்டும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். நல்ல படம்.

தூரிகைக்காரி

கரிக்கோல் ஒரு அரசுக் கண்காட்சிப் படத்தை நல்ல படம் என்று சொல்லிவிட்டார். தேதி குறித்து வைத்துக்கொள்கிறேன்.

சும்மா_வந்தவன்

நான் "உதிர்ந்த இலைகள்" படத்தைத் தேடி எடுத்து, போனைக் குறுக்கே பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தேன். தரை இல்லை என்று அக்கா சொன்ன பிறகுதான் இல்லை என்று தெரிந்தது. ஒரு கேள்வி. அக்கா "கொடுத்ததிலேயே உயர்ந்த பரிசு" என்று எழுதியிருந்தார்கள். முதல் பரிசு என்று ஏன் எழுதவில்லை?

தூரிகைக்காரி

ஏனென்றால் அது இரண்டாம் பரிசு. அந்த வருடம் முதல் பரிசை யாருக்கும் கொடுக்கவில்லை. 1907இலும் அப்படித்தான், வாதா சான்ஸோவின் "தெற்குக் காற்று" வாங்கியதும் இரண்டாம் பரிசுதான்.

கரிக்கோல்

முதல் பரிசை அமைச்சகம் தனக்கே வைத்துக்கொண்டது போலிருக்கிறது.